‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று எழுதினால் எதிரில் இருப்பவர் என்ன புரிந்துகொள்கிறார்?

கேள்வி: கடலூர் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எங்கள் வாடிக்கையாளர் இங்கிலாந்தில் இருக்கிறார். சென்ற மாதம் அவர்கள் அனுப்பிய வடிவமைப்பு ஆவணத்தை இரண்டு நாள் உட்கார்ந்து வரி விடாமல் படித்துவிட்டு, விளக்கம் தேவைப்பட்ட இடங்களைக் குறித்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ‘ஐ ஹாவ் த்ரீ டவுட்ஸ் அபௌட் யுவர் டிசைன்’ என்று அதைத் தொடங்கியிருந்தேன். மறுநாள் பதில் வந்தது. ஆனால் நான் கேட்ட எதற்கும் அதில் விடை இல்லை. வடிவமைப்பில் எங்களுக்கு நம்பிக்கை குறைவாக இருந்தால் அதைப் பற்றி நேரில் பேசிவிடலாம் என்று சொல்லி, என் மேலாளரையும் சேர்த்து ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள்.

அந்தக் கூட்டம் நல்லபடியாகவே முடிந்தது. முடிந்த பிறகு மேலாளர் என்னைத் தனியே அழைத்து, ‘டவுட்’ என்று எழுதியதுதான் காரணம், இனிமேல் ‘கொஸ்டின்’ என்று எழுதுங்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். அவருக்கும் விளக்கத் தெரியவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் ‘டவுட் கேட்பது’ என்பது நல்ல மாணவனின் அடையாளமாக இருந்தது. ‘டவுட் இருந்தால் கேளுங்கள்’ என்று சொல்லாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட சொல் எப்படி ஒருவரைப் புண்படுத்தும் சொல்லாக மாறுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்டிருந்த மூன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, வாடிக்கையாளரின் பெயரை நிரப்பும் கட்டத்தில் எத்தனை எழுத்துகள் வரை இடம் தரவேண்டும் என்பது. இரண்டாவது, மாத இறுதியில் வந்து குவியும் பதிவுகளை இந்த அமைப்பு தாங்குமா என்பது. மூன்றாவது, ஆவணத்தோடு வந்த இரண்டு இணைப்புகளின் தலைப்புகள் இடம் மாறியிருப்பதாக எனக்குத் தோன்றியது. இவை மூன்றுமே டவுட் இல்லையா? இல்லையென்றால் ஆங்கிலத்தில் டவுட் என்பதற்கு உண்மையான பொருள் என்ன?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

தம்பி, மூன்றையும் பிரித்து எழுதியது நல்லதாகப் போயிற்று. விடை அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மூன்றில் ஒன்றுதான் ஆங்கிலத்தார் சொல்லும் டவுட். முதலாவது கொஸ்டின். மூன்றாவது சஸ்பிஷன். தமிழில் இந்த மூன்றையுமே நாம் சந்தேகம் என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அந்தச் சந்தேகத்தின் மேல் டவுட் என்ற ஆங்கிலச் சட்டையை மாட்டிவிட்டு, மூன்று வேலைகளையும் அந்த ஒரு சொல்லே செய்யும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதை விளக்க ஆங்கில இலக்கணத்துக்குப் போக வேண்டியதில்லை. வினா ஆறு வகைப்படும் என்று நன்னூலைக் கொண்டு பள்ளியில் படித்திருப்பீர்கள்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. மாணவன் தனக்குத் தெரியாத ஒன்றை ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா. அங்கே மனத்தில் எந்தப் பக்கமும் இல்லை, வெறும் வெற்றிடம்தான் இருக்கிறது. கட்டத்தில் எத்தனை எழுத்துகள் என்று நீங்கள் கேட்டது இந்த வகை. அந்தியில் வழியில் நீளமாக ஏதோ கிடக்கிறது, பாம்போ கயிறோ என்று நிற்கிறோமே, அது ஐய வினா. அங்கே மனம் வெற்றிடமாக இல்லை. இரண்டு எண்ணங்கள் அதில் இருக்கின்றன, எதன்மேல் கால் வைப்பது என்று தெரியாமல் நிற்கிறோம். டவுட் என்ற சொல் பிறந்த இடம் இந்த ஐய வினாதான்.

சொல்லின் வரலாறும் அதையே சொல்கிறது. லத்தீனில் ‘டூபிட்டாரே’ என்றால் தயங்குவது, இரண்டுங்கெட்டானாக நிற்பது. அந்தச் சொல்லுக்குள் இரண்டு என்னும் பொருள் தரும் ‘டூவோ’ இருக்கிறது. ஜெர்மன் மொழியிலும் ஐயத்துக்கு ‘ட்ஸ்வைஃபெல்’ என்று பெயர். ‘ட்ஸ்வை’ என்றால் இரண்டு. நம் வீடுகளில் ‘எனக்கு இரண்டு மனசாக இருக்கிறது’ என்று சொல்கிறோமே, அதே எண்ணம்தான். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் ‘பி’ எழுத்து இல்லை. பிற்காலத்தில் லத்தீன் கற்ற அறிஞர்கள் மூலச்சொல்லை நினைவுபடுத்துவதற்காக அந்த எழுத்தை நுழைத்தார்கள். கடன் என்று பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லிலும் இப்படியே ஒரு ‘பி’ நுழைந்தது. எழுத்து வந்தது, ஒலி வரவில்லை; பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அது இல்லாமலேயே எழுதுகிறார்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை அந்த ‘பி’யை ஒலித்துப் படிக்கும், நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். இன்றைய ஆங்கிலத்தில் டவுட் என்ற சொல் இரண்டு பக்கங்களுக்கு நடுவே அசையாமல் நிற்பதும் இல்லை. அது ‘இல்லை’ என்ற பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நாளை அவர் வருவாரா என்று கேட்டால் ‘ஐ டவுட் இட்’ என்று விடை வந்தால், எனக்குத் தெரியாது என்பது அதன் பொருளாகாது. வரமாட்டார் என்றே நினைக்கிறேன் என்பதுதான் பொருள். ‘ஐ ஹாவ் டவுட்ஸ் அபௌட் திஸ்’ என்று பன்மையில் சொன்னால், இது சரிப்பட்டு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் மூன்று கேள்விகள் கேட்பதாக நினைத்தீர்கள். அவர் தம் வேலையில் மூன்று குறைகளைக் கண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்தார். அவர் கூட்டத்துக்கு நாள் குறித்தது மரியாதையான செயல் என்றே நான் சொல்வேன்.

இதில் வியப்பு என்னவென்றால், நம் பேச்சுத் தமிழுக்குள் வந்துவிட்ட ‘டவுட்டு’ இந்தச் சாய்வைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. ‘இன்றைக்கு மழை வருமா?’ என்று கேட்டால் ‘டவுட்டுதான்’ என்கிறோம். வராது என்பதைத்தான் மென்மையாகச் சொல்கிறோம். அங்கே தவறே இல்லை. ‘சார், ஒரு டவுட்டு’ என்று கையை உயர்த்தும்போதுதான் சொல் வேறு வழியில் போய்விடுகிறது.

இன்னும் இரண்டு செய்திகள். ‘நோ டவுட்’ என்றால் ஐயமே இல்லை என்று நாம் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வழக்கில் அது பெரும்பாலும் ‘இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற அளவுக்குத்தான் வலுவுள்ளது. அடுத்து ஓர் ‘ஆனால்’ வரப்போகிறது என்று எதிர்பார்க்கலாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ‘விதவுட் எ டவுட்’ என்று எழுதுங்கள். அடுத்து, ஓர் ஆளைச் செயப்படுபொருளாக்கி ‘ஐ டவுட் ஹிம்’ என்று எழுதினால், அவர் சொல்லையோ திறமையையோ நான் நம்பவில்லை என்று பொருள்படும். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்ற குறளில் வரும் ஐயுறவு இந்தப் பொருளுக்கு மிக நெருங்கியது: ஆராய்ந்து தேர்ந்தெடுத்துவிட்ட ஒருவன்மேல் நம்பிக்கை தளர்வது.

பதில்: நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்

ஆசிரியை அம்மாவின் விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். மூன்றாவது வகையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் தொழிலில் அதிகமான தீங்கு அங்கேதான் நேர்கிறது. தமிழில் எழுதப்பட்ட புகார்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலத்துக்கு மாற்றுவது என் வேலை. வீட்டில் நகை காணாமல் போன ஒரு புகாரில், ‘எங்கள் வீட்டில் வேலை பார்த்தவர் எடுத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன்’ என்று இருந்தது. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் அதை ‘ஐ டவுட் தட் ஹீ டுக் இட்’ என்று மாற்றியிருந்தார். அந்த ஆங்கில வாக்கியத்துக்கு ‘அவர் எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை’ என்பதே பொருள். குற்றம் சாட்ட வந்தவர், மொழிபெயர்ப்பில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகப் பேசிவிட்டார். ‘சஸ்பெக்ட்’ என்ற சொல்லைப் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். சஸ்பெக்ட் ‘ஆம்’ என்ற பக்கம் சாய்கிறது. டவுட் ‘இல்லை’ என்ற பக்கம் சாய்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் வாக்கியம் அப்படியே தலைகீழாகிவிடும்.

நம் செய்தித்தாள்களைப் பாருங்கள். ஒருவரைச் ‘சந்தேகத்தின் பேரில்’ கைது செய்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து வழக்கு முடியும்போது அவரையே ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ விடுதலை செய்கிறார்கள். உள்ளே கொண்டுபோன சொல்லும் வெளியே கொண்டுவந்த சொல்லும் தமிழில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் கைது செய்ய வைத்தது சஸ்பிஷன், விடுவித்தது டவுட். இந்த வேறுபாட்டின்மேல்தான் குற்றவியல் நீதியே நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம்: எவ்வளவு வலுவான சஸ்பிஷன் இருந்தாலும் அது சான்றுக்கு ஈடாகாது, நியாயமான டவுட் ஒன்று மீதமிருந்தாலும் தண்டனை தரக்கூடாது. ‘பியாண்ட் ரீசனபிள் டவுட்’ என்பதை நாங்கள் ‘நியாயமான ஐயத்துக்கு இடமின்றி’ என்று எழுதுகிறோம். டவுட் வரும் இடங்களில் ஐயம் என்றும் சஸ்பிஷன் வரும் இடங்களில் சந்தேகம் என்றும் விடாமல் வேறுபடுத்தி எழுதினால் தமிழிலும் இந்தத் தெளிவு வந்துவிடும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின் கீழ் ‘சந்தேக மரணம்’ என்று பதிவு செய்வார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. ‘சந்தேக மரணம்’ என்பதை ‘டவுட்ஃபுல் டெத்’ என்று மாற்றினால் ஆள் உண்மையில் இறந்தாரா என்பதே ஐயம் என்று ஆகிவிடும். ‘சஸ்பிஷஸ் டெத்’ என்றுதான் எழுதவேண்டும். இலங்கைத் தமிழ் ஏடுகளில் ‘சந்தேகநபர்’ என்று எழுதுவதும் சஸ்பெக்ட் என்ற பொருளில்தான்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எது எது என்று கண்டுபிடிக்க நான் வாக்கியத்தின் அமைப்பைப் பார்க்கிறேன். ‘எடுத்திருப்பார் என்று சந்தேகம்’, ‘எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்’ என்று வந்தால் பெரும்பாலும் சஸ்பெக்ட். ‘எடுத்திருப்பாரா என்பது சந்தேகமே’ என்று வந்தால் டவுட். ‘எடுத்தாரா என்று சந்தேகம்’ என்று மட்டும் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம். அப்போது முன்பின் உள்ள வரிகளைப் படிக்காமல் நான் கை வைப்பதில்லை.

பதில்: மாட்ரிட்டில் இருந்து ஒரு தமிழர்

இருவரின் விளக்கங்களிலிருந்தும் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்பதைத் தவறு என்று சொல்லி மாணவர்களை வெட்கப்பட வைக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆசிரியை அம்மா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பலர் சொல்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். நான் ஸ்பெயினில் பணிபுரிகிறேன். இங்கே வகுப்பிலும் அலுவலகத்திலும் கேள்வி கேட்க விரும்புபவர் ‘தெங்கோ உனா தூதா’ என்றுதான் தொடங்குகிறார். ‘என்னிடம் ஓர் ஐயம் இருக்கிறது’ என்பதே அதன் நேர்பொருள். அந்தத் ‘தூதா’ டவுட்டுக்கு உடன்பிறந்த சொல், அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. போர்த்துக்கீசிய மொழியிலும் இதே வழக்கு உண்டு. இவர்கள் ஆங்கிலம் பேசும்போது ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்கிறார்கள், நான் உடனே புரிந்துகொள்கிறேன். பக்கத்தில் இருக்கும் ஆங்கிலேயருக்குத்தான் ஒரு நொடி புருவம் உயர்கிறது. கேள்வியை ஐயம் என்று சொல்வது நமக்கு மட்டும் உரிய பிழை இல்லை. பல கோடிப் பேர் இயல்பாக நினைக்கும் முறை அது.

ஆங்கிலத்திலேயேகூட இச்சொல் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்ததில்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தந்தையின் ஆவி தோன்றியதைக் கேள்விப்பட்டதும், ‘ஐ டவுட் சம் ஃபௌல் ப்ளே’ என்கிறான். ஏதோ சூது நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன் என்பது அதன் பொருள். இன்று அங்கே சஸ்பெக்ட் என்ற சொல்தான் வரும். ஸ்காட்லாந்தில் ‘ஐ டவுட் இட்’ல் ரெய்ன்’ என்று ஒருவர் சொன்னால், மழை வந்துவிடும் போலிருக்கிறதே என்று அவர் கவலைப்படுகிறார் என்று பொருள். லண்டனில் அதே வாக்கியம் மழை வராது என்றாகிவிடும். ஒரே தீவுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, கடலூரிலும் மதுரையிலும் டவுட் என்றால் கேள்வி என்று வழங்குவதில் என்ன குற்றம்? இந்தியாவுக்குள் இந்தியர்களிடம் எழுதும்போது இந்தப் பொருள் எல்லாருக்கும் தெரிந்த பொருள்தான். யாரிடம் எழுதுகிறோம் என்று பார்த்துச் சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கிரிக்கெட் பார்க்கும் எல்லாருக்கும் டவுட்டின் சரியான பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதையும் சொல்லவேண்டும். ரன் அவுட்டின்போது மட்டையாளர் கிரீஸ் கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்று நடுவருக்கு உறுதிப்படவில்லையென்றால் ‘பெனிஃபிட் ஆஃப் டவுட்’ மட்டையாளருக்கே என்கிறோம். அந்த இடத்தில் யாரும் அதைக் கேள்வி என்று நினைப்பதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

ஸ்பானிய மொழிச் செய்தி எனக்குப் புதிது, மிக்க நன்றி. நானும் என் வகுப்பில் ‘டவுட் இருந்தால் கேளுங்கள்’ என்று முப்பது ஆண்டுகள் சொன்னவள்தான். அதைச் சொல்லக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கொண்டுதான் வாய் திறக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்களில் பலர் பிற்காலத்தில் வெளிநாட்டாருக்குக் கடிதம் எழுதப் போகிறார்கள் என்பதை நினைத்து, பதினொன்றாம் வகுப்பிலாவது இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பதில்: கடலூர் வாசகன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கைது செய்த சந்தேகமும் விடுதலை செய்த சந்தேகமும் வேறு வேறு என்று படித்தபோது சட்டென்று விளங்கிவிட்டது. அந்த மின்னஞ்சலை இப்போது எப்படி எழுதுவேன் என்று முயன்று பார்த்திருக்கிறேன், திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். தொடக்கத்தை ‘ஐ ஹாவ் த்ரீ கொஸ்டின்ஸ்’ என்று மாற்றிவிட்டேன். முதலாவது: ‘வாட் இஸ் த மேக்ஸிமம் லெங்த் ஆஃப் த நேம் ஃபீல்ட்?’ இரண்டாவது: ‘கேன் த சிஸ்டம் ஹேண்டில் த மந்த்-எண்ட் ரெக்கார்ட்ஸ்?’ மூன்றாவது: ‘ஐ சஸ்பெக்ட் யூ ஹாவ் ஸ்வாப்ட் த டைட்டில்ஸ் ஆஃப் த டூ அட்டாச்மெண்ட்ஸ்.’

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

முதலாவது அப்படியே இருக்கட்டும், தம்பி.

மூன்றாவதில் சஸ்பெக்ட் என்ற சொல் சரியானது. ஆனால் அடுத்து வரும் ‘யூ’ என்ற சொல் அதைக் குற்றச்சாட்டாக்கிவிடுகிறது. பொருளைப் பற்றி மட்டும் பேசுங்கள்: ‘த டைட்டில்ஸ் ஆஃப் த டூ அட்டாச்மெண்ட்ஸ் மே ஹாவ் பீன் ஸ்வாப்ட்.’ தலைப்புகள் இடம் மாறியிருக்கலாம் என்று தமிழிலும் இப்படித்தானே சொல்வோம்? யார் மாற்றினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவதில் உங்களிடம் ஒரு கேள்வி. மாத இறுதிச் சுமையை அந்த அமைப்பு தாங்குமா என்பது உங்களுக்குத் தெரியாமல் கேட்டதா, தாங்காது என்று தோன்றிக் கேட்டதா?

பதில்: கடலூர் வாசகன்

தாங்காது என்றுதான் தோன்றுகிறது, அம்மா. சென்ற ஆண்டு இதே போன்ற அமைப்பு ஒன்று மாத இறுதியில் இரண்டு முறை நின்றுபோனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதைச் சொன்னால் மீண்டும் வருத்தப்படுவார்களோ என்று தயங்கி, வெறும் கேள்வியாக மாற்றிவிட்டேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

அப்படியானால் உங்கள் மூன்றில் அது ஒன்றுதான் உண்மையான டவுட்; அதைப் போய் நீக்கிவிட்டீர்கள். தொடக்கத்தில் ‘த்ரீ’ என்பதை ‘எ ஃபியூ’ என்று மாற்றிவிட்டு, இரண்டாவதை இப்படி எழுதுங்கள்: ‘ஐ டவுட் வெதர் த சிஸ்டம் கேன் ஹேண்டில் த மந்த்-எண்ட் ரெக்கார்ட்ஸ்.’ அதற்கடுத்த வரியில் சென்ற ஆண்டு நீங்கள் கண்டதைத் தேதியோடு சொல்லுங்கள். இந்த ஒன்றைப் பற்றிப் பேச அவர்கள் கூட்டத்துக்கு நாள் குறித்தால், தயங்காமல் போய்வாருங்கள்.